கோப்பை தூத்துக்குடிக்கு, ஆட்டம் வேறெங்கோ

2016 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் தமிழ்நாட்டையே ஜெயித்தது. ஜெயித்த சேதி மாவட்டத்துக்குள் வந்து சேரத்தான் கொஞ்சம் நேரமாயிற்று. தமிழ்நாடு பிரீமியர் லீக் என்று புதிதாக ஆரம்பித்த கிரிக்கெட் போட்டியின் முதல் இறுதியாட்டத்தில், சேப்பாக்கம் மைதானத்தில் வைத்தே சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸை, டூட்டி பேட்ரியாட்ஸ் நூற்றுச் சொச்சம் ஓட்ட வித்தியாசத்தில் மண்ணைக் கவ்வ வைத்தது. மறுநாள் ஆழ்வார்திருநகரி டீக்கடைகளில் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போயிருக்க வேண்டும்:

"வே, நம்ம தூத்துக்குடி டீமு கப்பு அடிச்சிட்டாம்லா!"

"நல்ல விசயம். எங்க வச்சு ஆடுனானுவ?"

"மெட்ராஸ்ல."

"அதுக்கு முன்னால?"

"சங்கர்நகர்ல, நத்தத்துல."

"எந்த நத்தம்? நம்ம ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்து நத்தமா?"

"இல்ல வே, திண்டுக்கல் நத்தம்."

"அப்ப தூத்துக்குடியில?"

"அங்க கிரவுண்டு ஏது?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் உலக விளையாட்டு வரலாறு முழுக்க நம் கையில் வந்துவிடும். ஒரு ஊரின் பெயர் ஒரு பக்கம், ஆட்டம் இன்னொரு பக்கம், பணம் மூன்றாவது பக்கம் என்று மூன்றும் தனித்தனி ரயிலில் போவதற்குத்தான் லீக் என்று பெயர். இந்த ரயில் முதலில் எங்கே கிளம்பியது என்று பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில், 1858-ல், டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட்காரருக்கு ஒரு கவலை வந்தது. குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் சும்மா உட்கார்ந்து தொப்பை போடுகிறார்கள். அவர்களை ஓட வைக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். மறுவருடம் விதிகள் எழுதியாயிற்று. காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், பிடித்தவன் மேல் பாயலாம். கிரிக்கெட் மைதானம் முட்டை வடிவத்தில் இருந்ததால் ஆடுகளமும் முட்டை. பந்தும் பின்னாளில் முட்டை வடிவமே ஆயிற்று. அணிக்கு 18 பேர். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பம். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே அடித்தால் 6 புள்ளி. குறி தப்பி ஓரக் கம்பத்துப் பக்கம் போனால்? அதற்கும் 1 புள்ளி உண்டு. முயற்சி திருவினையாக்கும் என்பதை விதிப்புத்தகத்திலேயே எழுதிவைத்த ஆட்டம் இது. தேர்வில் தப்பான விடைக்கும் ஒரு மார்க் கொடுத்தால் நம் பிள்ளைகள் எங்கேயோ போயிருப்பார்கள்.

மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் இந்த ஆஸ்திரேலியக் கால்பந்துக்கு முதலில் ஒரு சங்கம் இருந்தது. 1896-ல் பெரிய கிளப்புகள் எட்டு, சின்ன கிளப்புகளோடு வசூலைப் பங்கு போட்டது போதும் என்று தனிக்குடித்தனம் போயின. 1897-ல் விக்டோரியன் ஃபுட்பால் லீக் பிறந்தது. கவனியுங்கள்: லீக்கின் முதல் வேலை ஆட்டம் நடத்துவது இல்லை. யாரை வெளியே நிறுத்துவது என்று முடிவு செய்வதுதான்.

வெளியே நிறுத்துகிற இந்தக் கலையில் தூத்துக்குடியும் ஒரு பாடம் படித்தது, பந்து இல்லாமலே. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல் விடுவதில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி தனி லீக் நடத்திக்கொண்டிருந்தது. அதில் அணியும் அதுதான், நடுவரும் அதுதான். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். புது அணி களத்தில் இறங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசியும் குறைத்தது. மறுபடி குறைத்தது, மறுபடி குறைத்தது, கடைசியில் சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள், கூடவே ஆளுக்கொரு குடையும் தருகிறோம் என்று சொல்லும் நிலைக்கு உலகின் மாபெரும் சாம்ராஜ்யத்தின் கப்பல் கம்பெனி வந்து நின்றது என்பார்கள். ஒரு புது அணியை லீக்கில் சேரவிடாமல் தடுக்க இதற்கு மேல் யாரும் இறங்கியதில்லை. குடையில் மசியாதவரை 1908-ல் சிறையில் போட்டார்கள். விதிப்புத்தகம் தோற்கும்போது விசில் ஊதி ஆளை வெளியே அனுப்புவது பழைய வழக்கம்.

அதே காலத்தில் கல்கத்தாவில் கால்பந்து லீக் ஒன்று 1898-லிருந்து நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்து அணிகளும் வெள்ளைக்கார கிளப்புகளும் ஆட, ஊர்க்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியது. 1911-ல் மோகன் பகான் என்ற ஊர்க்காரர் கிளப் வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயத்தைத் தூக்கியது. இத்தனை நடந்த பிறகும் லீக்கில் இடம் கொடுக்க மூன்று வருடம் யோசித்தார்கள். 1914-ல் கொடுத்ததும் இரண்டாம் டிவிஷனில். கேடயம் வாங்கினவனை வாசல் திண்ணையில் உட்கார வைத்து, "இருங்க, உள்ள இலை காலியாகட்டும்" என்றார்கள். முதல் டிவிஷனில் இந்திய கிளப்புகள் இரண்டுக்கு மேல் கூடாது என்றொரு விதியும் இருந்தது. மோகன் பகானும் ஏரியன்ஸும் அந்த இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தன.

பிறகு 1924-ல் இன்னொரு இந்திய கிளப்பான ஈஸ்ட் பெங்கால் மேலே வரத் தகுதி பெற்றது. இப்போதுதான் நாடகம் சூடு பிடிக்கிறது. விதியை மாற்றலாமா என்று கேட்டபோது, வெள்ளைக்கார கிளப்புகள் ஒன்பதும் "வரட்டும்" என்றன. "கூடாது" என்று எதிர்த்தவை எவை? உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த அந்த இரண்டு இந்திய கிளப்புகள்! கூட்ட நெரிசலான பெட்டியில் தொங்கிக்கொண்டு ஏறினவன்தான், ஏறினதும் கதவைச் சாத்துகிற முதல் ஆள். நெல்லை எக்ஸ்பிரஸ் முன்பதிவில்லாப் பெட்டியில் போன யாருக்கும் இது புதிய தத்துவம் இல்லை. ஈஸ்ட் பெங்கால் 1925-ல் முதல் டிவிஷனுக்கு வந்தது. அன்று கதவைச் சாத்தப் பார்த்த மோகன் பகானும் உள்ளே நுழைந்த ஈஸ்ட் பெங்காலும் அடித்துக்கொள்ளும் ஆட்டத்தை வைத்துத்தான் அதற்குப் பிறகு கல்கத்தா கால்பந்தே பிழைத்தது.

கிரிக்கெட்டுக்கு வருவோம். 1934 நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம்: மெட்ராஸும் மைசூரும். எம்.ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார். மைசூர் 48. மெட்ராஸ் 130. மைசூர் மறுபடி 59. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட். மூன்று நாளைக்கு ஏற்பாடு செய்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்தவர்கள் மீதி இரண்டு நாள் என்ன செய்தார்கள் என்று வரலாறு எழுதி வைக்கவில்லை.

மாநிலங்களுக்கு நடுவே ஆட்டம் என்றால் அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகள் ஆடுவார்கள் என்று அப்பாவியாக நினைத்தவர்களுக்கு மகாராஜாக்கள் பாடம் எடுத்தார்கள். 1936-37-ல் நவாநகர் கோப்பையை வென்றது. கேப்டன் யார்? குஜராத்திச் சிங்கம் பெர்ட் வென்ஸ்லி. சொந்த ஊர், இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ். இந்தூரின் ஹோல்கர் மகாராஜா இன்னும் தாராளம். நாக்பூரில் பிறந்த சி.கே. நாயுடு அங்கே தளபதி. 1944-45 இறுதியாட்டத்தில் பம்பாய்க்கு எதிராக ஹோல்கருக்கு ஆடியவர்களில் ஒருவர் டெனிஸ் காம்ப்டன். ஆமாம், அதே இங்கிலாந்து காம்ப்டன்தான். யுத்தத்துக்காகப் பட்டாளத்தோடு இந்தியா வந்தவர், மட்டையையும் கொண்டுவந்திருந்தார். நாலாவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 249 அடித்தார். பம்பாய் அப்படியும் ஜெயித்தது. காம்ப்டன் பின்னாளில் சொன்ன கதை இது: நூறுக்கு மேல் அடிக்கும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இவ்வளவு ரூபாய் என்று ஒரு பெரிய வியாபாரி வாக்குக் கொடுத்திருந்தாராம். ஆட்டம் முடிந்து வந்து பார்த்தால் ஒரு சீட்டுதான் இருந்ததாம்: அவசர வேலையாகக் கல்கத்தா போகிறேன். வெளியூர் ஆட்டக்காரனுக்குச் சம்பளப் பாக்கி வைக்கும் மரபு அன்றே இந்தியாவில் வேரூன்றிவிட்டது.

அந்த ஹோல்கரை 1954-55 இறுதியாட்டத்தில், அதுவும் இந்தூரிலேயே வைத்து, பாலு அழகனன் தலைமையில் மெட்ராஸ் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தது. நாம் முதல்முறை ரஞ்சி வென்றது அப்போதுதான். 20 வருடம் காத்திருந்ததற்கு நல்ல ஆளாகத்தான் பார்த்து அடித்திருக்கிறோம்.

இதற்குள் மெட்ராஸுக்கு ஒரு கடல் கடந்த பங்காளியும் கிடைத்திருந்தான். கோபாலனின் பெயரில் 1952-53 முதல் மெட்ராஸுக்கும் சிலோனுக்கும் நடுவே ஒரு கோப்பை. ஒரு பக்கம் மாநிலம், மறுபக்கம் முழு நாடு. நம் பக்கத்தில் யாரும் இதில் விபரீதம் எதுவும் பார்க்கவில்லை. தூத்துக்குடிக்காரனுக்குக் கொழும்பு என்பது மெட்ராஸைவிடக் கிட்டத்தில் இருக்கும் ஊர். வருடா வருடம் நம்மோடு உருண்டு புரண்டு பழகிய சிலோன், 1981-ல் டெஸ்ட் அந்தஸ்து வாங்கியது. 1982 செப்டம்பரில் அதே சேப்பாக்கத்துக்கு இலங்கை என்ற பெயரில் வந்து, இந்தியாவோடு முதல் டெஸ்ட் ஆடி, டிரா செய்துவிட்டுப் போனது. கோச்சிங் ஃபீஸ் கேட்க நமக்குத் தோன்றவில்லை.

அதே 1982-ல் மெல்போர்னில் ஒரு குடும்பச் சண்டை முற்றியிருந்தது. சவுத் மெல்போர்ன் என்ற கிளப்பிடம் காசு இல்லை. லீக்குக்கோ சிட்னியில் கடை விரிக்க ஆசை. இரண்டும் சேர்ந்து, "நீ சிட்னிக்குப் போய் ஆடு" என்று முடிவாயிற்று. ஊர்க்காரர்கள் போகக் கூடாது என்று இயக்கமே நடத்திப் பார்த்தார்கள். முதல் வருடம் ஆட்டக்காரர்கள் மெல்போர்னில் குடியிருந்துகொண்டு, சொந்த ஊர் ஆட்டத்துக்கு சிட்னிக்கு விமானத்தில் போய் வந்தார்கள். சொந்த மைதானம் என்ற சொல்லுக்கு அதுவரை யாரும் இவ்வளவு டிக்கெட் செலவு செய்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அந்த அணிக்குச் சின்னம் அன்னப்பறவை. அது எங்கிருந்து வந்தது? 1930-களில் அவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஆட்டக்காரர்களை வண்டி வண்டியாக இறக்கினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் சின்னம் அன்னம். ஒரு பத்திரிகை ஓவியர் கிண்டலும் பொருத்தமுமாக அந்தப் பெயரைச் சூட்ட, ஒட்டிக்கொண்டது. அந்த வெளிமாநிலப் படையை வைத்து 1933-ல் கோப்பையும் வாங்கினார்கள். ஆக, எங்கள் அன்னத்தை வெளிமாநிலத்துக்கு விடமாட்டோம் என்று 1981-ல் அழுதவர்கள் அணைத்துக்கொண்டிருந்ததே வெளிமாநிலத்து அன்னம்தான். 1985-ல் ஒரு கோடீஸ்வர டாக்டர் பெரும் விலை பேசி அணியின் உரிமத்தை வாங்கினார். 1988-ல் அந்த உரிமம் வெறும் 10 டாலருக்கு லீக்கிடமே திரும்பி வந்தது. அடுத்த கோப்பை 2005-ல். நடுவில் 72 வருடம். அதற்குள் அன்னம் பாலையும் நீரையும் பிரிக்க மறந்தே போயிருக்கும்.

1987-ல் மேலும் இரண்டு வெளிமாநில அணிகள் விக்டோரியாவின் லீக்கில் சேர்ந்தன: பெர்த்திலிருந்து வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ், குயின்ஸ்லாந்திலிருந்து பிரிஸ்பேன் பேர்ஸ். தலைக்கு 40 லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம். உள்ளூர் கிளப்புகள் பல கடனில் முழுகிக்கொண்டிருந்தபோது, கல்யாணச் செலவுக்குத் தடுமாறும் வீட்டில் மொய்க் கவர் வந்த மாதிரி இந்தப் பணம் வந்து விழுந்தது. வரவேற்புக்குக் காரணம் கால்பந்தின் தேசிய வளர்ச்சி என்று அறிக்கையில் போட்டார்கள். பிரிஸ்பேன் பேர்ஸ் ஆடியது பிரிஸ்பேனில் இல்லை. தெற்கே கோல்ட் கோஸ்ட்டில் இருந்த கராராவில். சின்னமோ கோவாலா, அது கரடியே இல்லை. ஊர் பொய், விலங்கு பொய், கொடுத்த பணம் மட்டும் நிஜம். 1990-ல் லீக் தன் பெயரிலிருந்த விக்டோரியாவை எடுத்துவிட்டு ஆஸ்திரேலியன் என்று மாற்றிக்கொண்டது. 1992-ல் வெஸ்ட் கோஸ்ட் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பெர்த்துக்குப் போனது. மொய் எழுதினவன் சீர்வரிசையோடு திரும்பினான்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நம் லீக்குக்குத் திரும்பினால், 2016-ல் நடந்தது எதுவும் அதிசயமாகத் தெரியாது. அங்கே 1897-ல் எட்டு அணி, இங்கேயும் எட்டு அணி. அங்கே ஒரு கிளப்பை நகர்த்த ஊர்வலம், கண்ணீர், வழக்கு என்று எத்தனை ஆர்ப்பாட்டம். இங்கே அந்தத் தொல்லையே இல்லை. காஞ்சி வாரியர்ஸ் ஒரு நாள் திருச்சி வாரியர்ஸ் ஆயிற்று. காஞ்சி காலியாகக் கிடக்கிறதே என்று திருவள்ளூர் வீரன்ஸ் காஞ்சி வீரன்ஸ் ஆயிற்று. பிறகு அதுவும் தெற்கே இறங்கி நெல்லை ராயல் கிங்ஸ் ஆயிற்று. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸாக மாறியது. டூட்டி பேட்ரியாட்ஸ்? 2016-ல் கோப்பை, 2017-ல் மறுபடி இறுதியாட்டம்; அந்தத் தடவை அதே சேப்பாக்கத்திடம் தோல்வி. சில வருடம் கழித்து அது சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. உப்பளத்து அணி மாம்பழத்து அணியானபோது தூத்துக்குடியில் ஒரு கடையடைப்பு இல்லை, ஒரு உண்ணாவிரதம் இல்லை. பார்க்காத பிள்ளை வெளியூருக்குத் தத்துப் போனால் யார் அழுவார்கள்?

ஊர்கள் இப்படித் தாராளமாக நகரலாம்; மனுஷன்தான் எல்லை தாண்டக் கூடாது. 2018-ல் அணிக்கு இரண்டு வெளிமாநில ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். ஒரு மாநிலத்தில் பதிவு செய்தவர் இன்னொரு மாநிலத்து லீக்கில் ஆடுவதா என்று கிரிக்கெட் வாரியத்தின் நிர்வாகக் குழு கையை விரித்துவிட்டது. வென்ஸ்லியும் காம்ப்டனும் மேலே இருந்து கேட்டுச் சிரித்திருப்பார்கள். ஐ.பி.எல்-லில் பார்படாஸ்காரர் சென்னைக்கு ஆடலாம்; அதே சென்னையில் நடக்கும் லீக்கில் ஆந்திராக்காரர் ஆட முடியாது. எல்லைக் கல் எங்கே நடுவது என்பதில் நமக்கு இருக்கும் தெளிவு தாசில்தார் ஆபீஸில்கூடக் கிடையாது.

எல்லையைப் பற்றிக் கவலையே படாத ஒரு லீக்கும் எங்கள் ஊரில் இருக்கிறது. வைகாசிக் கருடசேவைக்கு ஒன்பது திருப்பதிகளின் பெருமாள்களும் ஆழ்வார்திருநகரிக்கு வந்து சேருகிறார்கள். ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளியங்குடி, பெருங்குளம், தென்திருப்பேரை, திருக்கோளூர் என்று தாமிரபரணியின் இரு கரையிலிருந்தும் வருகிறார்கள். இரட்டைத் திருப்பதி மட்டும் ஒரே ஊருக்கு இரண்டு அணி அனுப்புகிறது, ஆட்சேபணை கிடையாது. நுழைவுக் கட்டணம் இல்லை, ஒளிபரப்பு உரிமம் இல்லை. ஒன்பது பேரும் கருடன் மேல். நம்மாழ்வார் அன்ன வாகனத்தில். மதுரகவியாழ்வார் பரங்கி நாற்காலியில். அந்த மதுரகவி யார்? பக்கத்துத் திருக்கோளூர்க்காரர். வடக்கே அயோத்தி வரை போய் செட்டிலாகப் பார்த்தவர், தெற்கே ஒரு வெளிச்சம் தெரிகிறதே என்று நடந்தே திரும்பி வந்தார். தேடி வந்த குருவான நம்மாழ்வார் புளியமரத்தடியில் 16 வருடமாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர். தம்மைவிட வயதில் சின்னவர் வேறு. ஒப்பந்தம் பேச ஏஜென்ட் இல்லாததால்தான் அந்த உறவு நிலைத்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆஸ்திரேலியாவில் இன்னும் கதை முடியவில்லை. தேசிய லீக் மேலே போன பிறகு, விக்டோரியன் லீக் என்ற பழைய பெயரில் கீழே ஒரு மாநில லீக் ஓடிக்கொண்டிருக்கிறது. 2021-ல் அதிலும் வெளிமாநிலக் கதவைத் திறந்தார்கள். சிட்னியின் இரண்டு அணிகளும் குயின்ஸ்லாந்திலிருந்து சவுத்போர்ட், ஆஸ்பிலி உள்ளிட்டவையும் வந்து சேர்ந்தன. ஆஸ்பிலி ஒரே வருடத்தில் விமான டிக்கெட் விலையைப் பார்த்துக் கும்பிடு போட்டது. சவுத்போர்ட் 2022-ல் இறுதியாட்டம் வரை போயிற்று. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவன் விக்டோரியாவின் சாம்பியனாக ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி. கேசி என்ற மெல்போர்ன் பக்கத்து அணி மானத்தைக் காப்பாற்றியது.

மிச்சமிருப்பது டாஸ்மேனியா. அந்தத் தீவும் 2001 முதல் 2008 வரை விக்டோரியாவின் மாநில லீக்கில் ஆடிப் பார்த்து விலகிய ஆள்தான். 2023-ல் தேசிய லீக்கின் 19-வது உரிமம் அதற்குக் கிடைத்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: ஹோபார்ட் துறைமுகப் பக்கத்தில் 23,000 பேர் உட்காரும், கூரை போட்ட மைதானம் கட்டித் தர வேண்டும். மைதானம் இல்லையேல் அணி இல்லை. கூரைக்குப் பணம் எங்கே, கடனை யார் கட்டுவது என்று தீவே இரண்டாகப் பிரிந்தது. மாநிலத்தின் கடனும் இந்த மைதானமும் சேர்ந்து 2025 ஜூனில் முதல்வர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானமாக வெடித்தன, தீர்மானம் நிறைவேறியது, ஜூலையில் தேர்தலே நடந்தது. முதல்வர் ராக்லிஃப் நடுக் கம்பத்தைப் பார்த்துத்தான் அடித்தார். பந்து ஓரமாகப் போனது, பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆனால் அவர் ஆடிய ஆட்டத்தில் குறி தப்பினாலும் ஒரு புள்ளி உண்டல்லவா? அதை வைத்துக்கொண்டே மறுபடி முதல்வராகிவிட்டார்.